கன்னியாவும் சீனன்குடாக் குடும்பங்களும்

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த திருகோணமலைச் சீனன்குடாவை, விமானத்தளத்துக்காகவும் எண்ணெய்த் தாங்கிகளுக்காகவுமே சரித்திரக்காரர் பெரும்பாலும் ஸ்மரிக்கின்றனர். அவ்வட்டாரத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு எங்கே உல்லாசமாகப் போயின என்பது அவர்களுக்கு அற்ப விஷயம் போலும்.

அருகிலுள்ள கன்னியாவுக்குப் போயின. தன் தாயாரின் உத்தரகிரியைக்காக இராவணன் உண்டாக்கினான் என்று ஐதிகம் கூறும் அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும், ஒன்றின் உஷ்ணம் மற்றொன்றுக்கு இராமல், சிறுவரின் கௌதுகத்தைக் கிளறுவன. பிதிர்க்கடன் கழிக்க வந்தோர் துயரத்தோடு நிற்க, பக்கத்திலேயே பிள்ளைகள் கூச்சலிட்டு நீராடுவதை நம்மவர் அபசாரமாகக் கருதியதில்லை. அது நல்ல சம்பிரதாயமென்பதே என் அபிப்பிராயம். பாலரோடு செல்லும் அன்பர்கள், வாளி நீரில் முதலில் தம் கையை நனைத்துச் சூடறிந்து, பின்னரே குழந்தையின் சிரசில் வார்ப்பார்களாக.