செல்சுவர்

செல்சவ்வுக்கு வெளியே அமைந்து, செல்லுக்கு வடிவமும் உறுதியும் தரும் உறை செல்சுவர். உள்ளே புகும் நீரின் அழுத்தத்தால் செல் வெடித்துவிடாமல் காப்பதும் இதுவே. தாவரங்கள், பூஞ்சைகள், பாக்டீரியாக்கள், பெரும்பாலான பாசிகள் ஆகியவற்றுக்குச் செல்சுவர் உண்டு; விலங்குகளுக்கு இல்லை. 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு 'செல்' எனப் பெயரிட்ட அறைகள், செல் மடிந்தபின் எஞ்சிய சுவர்களே.

தாவரச் சுவரின் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் நீளமாகக் கோத்த இச்சங்கிலிகள் கற்றைகளாகி இழைகள் ஆகின்றன. இழைகளுக்கு இடையே ஹெமிசெல்லுலோசும் பெக்டினும் நிரம்பியுள்ளன. மரத்துக்கு வைரம் ஏற்றுவது லிக்னின். முதிர்ந்த பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே செல். அதில் பெரும்பங்கு செல்லுலோஸ்தான். பருத்தி வேட்டி முழுக்கச் செல்சுவரால் நெய்யப்பட்டது என்றே சொல்லலாம்.

பாசிகளில் பொருள் பலவகை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி சிவப்புப் பாசி வகை; அகர் எனப்படும் கடற்பாசிக் கூழ் அதன் செல்சுவரிலிருந்து கிடைக்கிறது. பழுப்புப் பாசிகளில் ஆல்ஜினேட் உண்டு. டயட்டம்கள் என்னும் நுண்பாசிகளின் உறை சிலிக்காவால் ஆனது.

பூஞ்சைச் சுவரில் கைட்டினும் குளுக்கான்களும் உள்ளன. நண்டு ஓட்டிலும் பூச்சிகளின் மேலோட்டிலும் இருப்பது இதே கைட்டின்தான். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும்பஞ்சத்துக்கு வித்திட்ட பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி நெடுங்காலம் பூஞ்சையாகவே கருதப்பட்டது. அதன் சுவரிலோ செல்லுலோஸ் இருந்தது. பூஞ்சை இனத்திலிருந்து அதைப் பிரித்து வைக்க உதவிய சான்றுகளில் இதுவும் ஒன்று.

மனிதருக்கு மிகவும் பயன்பட்ட அறிவு பாக்டீரியச் சுவரைப் பற்றியது. அது பெப்டிடோகிளைக்கானால் ஆனது: சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு அமினோ அமிலத் தொடர்கள் குறுக்கே பிணைத்த வலை. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறையில், இவ்வலை தடிப்பாக உள்ளவை ஊதா நிறத்தைத் தக்கவைக்கின்றன. மெலிந்தவை அதை இழந்துவிடுகின்றன. பெனிசிலின் இந்தக் குறுக்குப் பிணைப்பு உருவாவதைத் தடுக்கிறது. வலுவிழந்த சுவர் அழுத்தம் தாங்காமல் உடைய, பாக்டீரியா அழிகிறது. மனித செல்லில் அத்தகைய சுவரே இல்லாததால் மருந்து அதைத் தாக்குவதில்லை.

பாக்டீரியாக்களிலிருந்து வேறுபட்ட நுண்ணுயிரிகளான ஆர்க்கியாக்களில் பெப்டிடோகிளைக்கான் இல்லை. பலவற்றுக்குப் புரத உறையே சுவர். மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவுக்குச் சுவரே கிடையாது. எனவே அது உண்டாக்கும் நுரையீரல் அழற்சிக்குப் பெனிசிலின் பயன்படாது.