பள்ளக்காட்டு யானைப் படங்கள்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், ஒலுவிலை அண்டிய பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் காட்டு யானைகள் இரை தேடுவதைக் காட்டும் ஒளிப்படத் தொகுதி. ஒளிப்படமும் சமூக ஊடகமும் குடிமக்களின் சூழல் செயற்பாட்டுக்கு வலுச்சேர்த்ததற்கு எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்து ஒளிப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் எடுத்தவை.

குப்பைமேடு காட்டோரத்தில் உள்ளது. கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய பகுதிகளின் கழிவு இங்கே கொட்டப்பட்டது. சமையற்கழிவின் வாசத்துக்கு வரும் யானைகள், உணவோடு அதைச் சுற்றிய பொலித்தீனையும் விழுங்கின. தும்பிக்கைகள் குப்பையைக் கிளறும் காட்சியே படங்களின் மையம்.

2020இல் இவை இணையத்திலும் வெளிநாட்டு ஊடகங்களிலும் பரவின. அந்த அவலம் உலகச் செய்தியானது.

யானைகளைத் தடுக்கக் குப்பைமேட்டுக்கு இருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது; அது சீரமைக்கப்படவில்லை. வனவிலங்கு வலயங்களை ஒட்டிய குப்பைமேடுகளுக்கு மின்வேலி அமைக்கப்படும் என 2017இல் அரசு அறிவித்தது. அது முழுமையாக நிறைவேறவில்லை. 2022 ஜனவரியில் மேலும் இரு யானைகள் இறந்து கிடந்தன. முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இங்கே பிளாஸ்டிக் உண்டு மடிந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. பிரேத பரிசோதனைகளில் செரிக்காத பிளாஸ்டிக் காணப்பட்டது.

பின்னர், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு இலங்கை 2023 ஒக்டோபரில் தடை விதித்தது.