தூக்க நோய்

ஆப்பிரிக்காவில் செட்சி ஈ பரப்பும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணி நோய். பெயர் சற்றே ஏமாற்றும்: நோயாளி கூடுதலாகத் தூங்குவதில்லை, தூக்கம் பகலிலும் இரவிலும் சிதறிவிடுகிறது. கிருமி மூளைக்குள் நுழைந்ததும் கார்டிசால், புரோலாக்டின் சுரப்பின் அன்றாட ஒழுங்கு கலைகிறது. மாதவிடாய் நிற்கலாம், ஆண்மை குறையலாம். மெலடோனின் மட்டும் பெரும்பாலும் நேரம் தவறுவதில்லை.

இந்தியாவில் செட்சி ஈ இல்லை. இங்குள்ளது தூக்க நோயின் உறவான சர்ரா என்னும் கால்நடை நோய். 1880-இல் கிரிஃபித் எவான்ஸ் இதன் கிருமியைக் கண்டறிந்தார். மனித இரத்தத்தின் ஒரு புரதம் அதைக் கொன்றுவிடும். அப்புரதம் இல்லாத சந்திரபூர் விவசாயி ஒருவருக்கு 2004-இல் தொற்றியது, சுராமின் மருந்து குணப்படுத்தியது.

தொழுவம் வைத்திருப்போர் கவனிக்க: காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, மாடு வட்டமடித்துச் சுற்றினால் கால்நடை மருத்துவரிடம் சர்ராவுக்கான இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.