விழுப்புரம் சந்திப்பும் கட்டற்ற மென்பொருளும்

திந்திரிணி என்பது வடமொழியில் புளிய மரத்தின் பெயர். புளிய மரங்கள் அடர்ந்திருந்த திந்திரிணி வனமே நாளடைவில் திண்டிவனம் என மருவியது என்பர். அவ்வூரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் விழுப்புரம். 1870-களில் இருப்புப்பாதை சென்னையிலிருந்து தெற்கு நோக்கி நீண்டபோது இவ்விரண்டு ஊர்களும் அதன் நிலையங்கள் ஆயின. 1879-இல் புதுச்சேரிக்கு ஒரு கிளை பிரிந்தது. திருச்சிக்கும், கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் பாதைகள் அமைந்தன. ஐந்து திசைப் பாதைகள் கூடும் பெருஞ்சந்திப்பாக விழுப்புரம் வளர்ந்தது.

இந்தச் சந்திப்பின் வரலாற்றில் ஒரு சிறு செய்தி உண்டு. 1960-களில் விழுப்புரம் வரை மீட்டர் பாதை மின்மயமாயிற்று. ஜப்பான் நாட்டில் செய்த மின்சார எஞ்சின்கள் திண்டிவனத்தைக் கடந்து ஓடின. 1990-களின் இறுதியில் அத்தடத்தில் அகலப் பாதை வந்தது. எஞ்சின்களின் சக்கரங்கள் 1000 மில்லிமீட்டர் இடைவெளிக்கு அமைந்தவை. புதிய தண்டவாளங்களின் இடைவெளியோ 1676 மில்லிமீட்டர். எஞ்சினிடத்தில் குறையில்லை, ஓட்டுநரிடத்திலும் குறையில்லை. பாதை மாறிற்று, ஆகவே இத்தடத்தில் அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. மற்றப் பாதைகள் மாறி முடிய மேலும் ஏறத்தாழ ஒரு பத்தாண்டு ஆயிற்று. அதுவரை விழுப்புரத்தில் ஒரு பாதையிலிருந்து இறங்கி, மூட்டையைத் தோளில் ஏற்றி, மறு பாதைக்கு நடந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நேயர்களே, கணிப்பொறி வரலாற்றைச் சொல்லப் புகுந்தவன் இருப்புப்பாதைக் கதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கணிப்பொறிக்குள்ளும் பாதைகள் இருக்கின்றன. விண்டோஸ் ஒரு பாதை. மேக் ஒரு பாதை. குனு லினக்ஸ் மற்றொரு பாதை. இவற்றை இயங்குதளங்கள் என்கிறோம். ஒரு தளத்தில் ஓடும் மென்பொருளை அப்படியே எடுத்து மற்றொன்றில் வைத்தால் பெரும்பாலும் அது ஓடுவதில்லை. ஏன் என்று அறிய, மென்பொருள் பிறக்கும் வகையை முதலில் அறிதல் வேண்டும்.

நிரல் எழுதுவோர் மனிதர் படித்து உணரத்தக்க சொற்களால் எழுதுவது மூலநிரல் எனப்படும். இயந்திரம் அதை நேரே உணராது. தொகுப்பி என்னும் கருவி மூலநிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருகிறது. அவ்வாறு ஆக்கிய கோப்பு ஒருவகைச் செயலிக்கும் ஒருவகை இயங்குதளத்துக்கும் மட்டுமே பொருந்தும். அது செய்து முடித்த எஞ்சின் போன்றது. மூலநிரலோ எஞ்சினின் வரைபடம் போன்றது. வரைபடம் கையில் இருந்தால் சக்கரத்தின் இடைவெளியை மாற்றி வேறொரு பாதைக்கு வேறோர் எஞ்சின் செய்யலாம். எஞ்சினை மட்டும் கொடுத்து வரைபடத்தைப் பூட்டி வைத்தால், பாதை மாறும் நாளில் பயணி நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

இவ்வுண்மை ஒரே நாளில் புலப்பட்டதன்று. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். முதலில் அது ஒரே வகைப் பொறியின் மொழியில் எழுதப்பட்டது. 1973-இல் அதன் பெரும்பகுதியை ரிச்சி வகுத்த சி என்னும் மொழியில் திருப்பி எழுதினர். அந்த மாற்றமே திருப்புமுனை ஆயிற்று. சி மொழிக்குத் தொகுப்பி உள்ள எந்தப் பொறிக்கும் யூனிக்ஸைக் கொண்டு செல்லும் வழி அதனால் திறந்தது. 1976-இல் அதே ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்னும் கருவியைச் செய்தார். நூற்றுக்கணக்கான கோப்புகளில் எது எதைச் சார்ந்தது, எது மாறியது, எதை மட்டும் மறுபடி தொகுத்தால் போதும் என்று கணக்கிட்டுச் செய்யும் கருவி அது.

ஆயினும் வரைபடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எஞ்சி நின்றது. மென்பொருள் விற்பனைப் பொருளாக வளர வளர, மூலநிரல் மறைபொருள் ஆயிற்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தம் கூடத்து அச்சுப்பொறியின் குறையைத் தாமே திருத்த முற்பட்டார். மூலநிரல் கிடைக்கவில்லை. அந்நிகழ்ச்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். மென்பொருளை எக்காரியத்துக்கும் இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கவும், மாற்றியதைப் பகிரவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றிற்று. 1987-இல் குனுவின் சி தொகுப்பி வெளிவந்தது. 1989-இல் பொது உரிமம் வகுக்கப்பட்டது. 1991-இல் ஹெல்சிங்கி நகர மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். மறு ஆண்டு அதுவும் அவ்வுரிமத்தின் கீழ் வந்தது. திறந்த மூலம் என்ற பெயர் வழங்கத் தொடங்கியது 1998-இல்தான்.

உரிமை கிடைத்தது, பயன் கிடைத்ததா? வரைபடம் கையில் உள்ளவர் எல்லோரும் எஞ்சின் செய்துவிட முடியுமா? இங்கேதான் வரலாற்றின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. பெரியோர் வரலாறுகளில் இப்பகுதி சுருக்கமாகவே சொல்லப்படும். பயன்படுத்துவோர்க்கோ இதுவே பெரிது.

மூலநிரலைத் தொகுத்து நிறுவுவதற்குப் பழைய முறை மூன்று கட்டளைகளால் ஆனது. முதலாவது கான்ஃபிகர், இஃது அந்தக் கணிப்பொறியில் எவை உள்ளன, எவை இல்லை என்று சோதித்து அறியும். இரண்டாவது மேக், இது தொகுக்கும். மூன்றாவது மேக் இன்ஸ்டால். ஆக்கியவற்றை உரிய இடங்களில் கொண்டு வைக்கும். யூனிக்ஸ் குடும்பத்திலேயே பல கிளைகள் இருந்தமையால், ஒவ்வொன்றின் வேறுபாட்டையும் தானே கண்டறியும் சோதனை நிரலை ஆக்கித் தருவதற்காக 1991-இல் டேவிட் மெக்கென்சி ஆட்டோகான்ஃப் என்னும் கருவியைத் தொடங்கினார்.

எழுத்தில் மூன்று கட்டளை. செயலில் முப்பது இடையூறு. ஒரு மென்பொருள் வேறொரு நூலகத்தைச் சார்ந்திருக்கும். அந்நூலகம் மற்றொன்றைச் சார்ந்திருக்கும். ஒன்றைத் தேடி எடுத்து வைத்தால் அது இன்னொன்றைக் கேட்கும். திருமண வீட்டில் ஒருவரை அழைத்தால் அவர் உறவினர் அனைவரையும் அழைக்க வேண்டியது போன்ற நிலை இது. இதனைத் தீர்க்கவே பொதி என்னும் முறை தோன்றியது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தினர், தொகுத்து முடித்த மென்பொருளையும் அதன் சார்புகளின் பட்டியலையும் ஒன்றாகக் கட்டி வைத்தனர். அவர்களுடைய ஆப்ட் என்னும் கருவி, ஒன்றைக் கேட்டால் அதன் சுற்றம் முழுவதையும் களஞ்சியத்திலிருந்து தானே கொண்டுவந்து சேர்க்கும். மேக் கணிப்பொறிக்கு 2009-இல் ஹோம்ப்ரூ வந்தது. விண்டோஸில் யூனிக்ஸ் நிரல்களைத் தொகுக்க 1995-இல் சிக்வின் தோன்றியது. 2016-இல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் நிரல்களை இயக்கும் வழியை அதன் நிறுவனமே திறந்து விட்டது. பாதைகளுக்கு இடையே நடைமேம்பாலங்கள் எழுந்தன எனலாம்.

நம் நாட்டுக்கு இவை எவ்வாறு வந்தன? இணையம் மெதுவாகவும் விலை மிகுந்தும் இருந்த காலத்தில் குறுந்தட்டுகளாகவே வந்தன. 1990-களின் பிற்பகுதியில் பீ.சி. குவெஸ்ட் இதழ் லினக்ஸ் குறுந்தட்டை இதழோடு சேர்த்து வழங்கியது. 2004-இல் பிறந்த உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் கட்டணமின்றி அஞ்சலில் குறுந்தட்டு அனுப்பிற்று. 2011-இல் அம்முறை நின்றது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இடம்பெற்றிருந்தது. சிற்றூர் மாணவர் பலர் வீட்டுக்குள் நுழைந்த முதற் கணிப்பொறி அதுவே.

ஒரு பெட்டிக்குள் இரண்டு பாதைகள்! ஆனால் இரண்டாம் பாதையில் எவ்வாறு செல்வது என்று சொல்லித் தருபவர் யார்? வழிகாட்டும் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில் வந்தன. ஒரு நூலகம் இல்லை என்று திரையில் தோன்றும் ஒரு வரியைக் கண்டு, தன் அறிவிலேதான் குறை என்று எண்ணிப் பெட்டியை மூடிவிடும் மாணவன் இழப்பது ஒரு மென்பொருளை மட்டுமன்று. தன்னால் இயலும் என்ற நம்பிக்கையையும் இழக்கிறான்.

இவ்விடத்தில்தான் விழுப்புரம் தன் பழைய தொழிலைப் புதிய வகையில் மேற்கொண்டது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு என்னும் தன்னார்வக் குழு அந்நகரில் தோன்றிற்று. சென்னையில் இத்தகைய குழுக்கள் முன்னரே இருந்தன. எனினும் பெருநகரின் பொறியாளர் கூடிப் பேசுவது வேறு. மாவட்டத் தலைநகரில் அரசுப் பள்ளி மாணவரும் அரசு கலைக் கல்லூரி மாணவரும் கூடிக் கற்பது வேறு. இக்குழுவினர் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கின்றனர். உலகெங்கும் செப்டம்பரில் நிகழும் மென்பொருள் விடுதலை நாளை இங்கும் கொண்டாடுகின்றனர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகளும், அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியற் கல்லூரிகளும் உள்ளன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர் பலர் பயிலும் பகுதி இது. அத்தகையோர்க்கு அருகில் அமர்ந்து, திரையைக் காட்டி, இந்தப் பிழை இன்ன காரணத்தால் வந்தது என்று தாய்மொழியில் சொல்லும் ஒருவர் நூறு நூல்களுக்குச் சமம். நூல்களும் இல்லாமலில்லை. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளும் நூல்களும் வெளியிட்டு வருகிறது.

இத்தகைய உதவியின் தேவை குறைந்துவிட்டதா எனில், இல்லை. விண்டோஸ் ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. பத்தாம் பதிப்புக்கு 2025 அக்டோபரில் முடிந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது, பாதைதான் மூடப்பட்டது. கட்டற்ற உலகிலும் பாதைகள் மூடப்படுவதுண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஆம் பதிப்பு, 32 பிட் செயலி மட்டுமே உள்ள பழைய பொறிகளில் புதிதாக நிறுவுவதற்கு வழி வைக்கவில்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. முன்னதில் மூடிய கதவைத் திறக்கப் பயனர்க்கு உரிமையில்லை. பின்னதில் வரைபடம் பொதுவில் கிடக்கிறது. அறிவும் உழைப்பும் உள்ள எவரும் பழைய பாதைக்கேற்ற எஞ்சினைத் தாமே செய்து ஓட்டலாம்.

அறிவும் உழைப்பும் உள்ள எவரும் என்றேன். அந்த எவரும் என்ற சொல்லுக்குள் திண்டிவனத்து மாணவியும் அடங்குவாரா என்பதே நம் முன் உள்ள கேள்வி. உரிமத்தில் எழுதப்பட்ட உரிமை, அதைக் கையாளக் கற்காதவரைக் காகிதத்திலேயே இருக்கும். யூனிக்ஸை வேறு மொழியில் திருப்பி எழுதியவர்கள், மேக் செய்தவர், பொதி கட்டியவர்கள், குறுந்தட்டு அனுப்பியவர்கள், ஓய்வு நாளை ஒதுக்கிப் பிறர் கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும் இளைஞர்கள் ஆகிய அனைவரும் ஒரே பணியைச் செய்தவர்கள். ஒரு பாதையில் வந்த சுமையை இறக்கி, மறு பாதையில் ஏற்றி வைத்தவர்கள் அவர்கள். சந்திப்பு நிலையங்களின் வரலாற்றில் அத்தகையோர் பெயர்கள் பொறிக்கப்படுவதில்லை. எனினும் சுமை ஊர் போய்ச் சேர்ந்தது அவர்கள் தோள்வலியால்தான் என்பதை விழுப்புரத்தார் நன்கு அறிவர்.