அடுக்களையின் பருவங்கள்: யாழ்ப்பாணத்து வற்றல் மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வேளாண்மை குறித்து எஞ்சியுள்ள எழுத்துச் சான்றுகளுட் பல, விற்கப்பட்ட பொருளையும் வரி விதிக்கப்பட்ட பொருளையும் பற்றியனவே. புகையிலையும் சாயவேரும் ஒல்லாந்தர் ஏடுகளில் இடம்பெற்றமைக்குக் காரணம் அவை பணமாக மாறியமையேயாம். 1707இல் அவர்தம் ஆட்சியிற் தொகுக்கப்பெற்ற தேசவழமை சீதனம், அடைமானம், நெற்கடன் ஆகியவற்றைப் பேசுகின்றது. தோட்டத்திலிருந்து அடுக்களையுட் சென்ற கத்தரிக்காய் அத்தகைய ஏடுகளுக்குரிய பொருளன்று. அதனை அடுத்த மாரிவரை கெடாது காத்த அறிவு பெரும்பாலும் பெண்களுடையது. அது எழுதப்படாது போனமை தற்செயலென்று கொள்வதற்கில்லை.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத சுண்ணக்கல் நிலம் இது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து ஓய்கின்றது. தையிலும் மாசியிலும் நெல் அறுவடையானபின் எழும் தோட்டப் பயிர் கிணற்றை நம்பியது; துலாவும் பட்டையுங் கொண்டு இறைத்த நீரில் விளைந்தது. கோடையிற் கத்தரி, பாகல், பயிற்றை, வெண்டி என்பன ஒருசேரக் காய்க்கும்போது சந்தையில் விலை வீழும். ஆயின் காய் மலியும் அக்காலமே வெயிலும் கடுமையாகும் காலம். யாழ்ப்பாணத்து வற்றல் இவ்விரண்டின் சந்திப்பிற் பிறந்தது எனலாம்.

கத்தரிக்காயை அரிந்து, உப்பிட்ட நீரில் அரைப்பதமாக அவித்து, பாயிற் பரப்பி உலர்த்துவர். அவித்தல் வீண்செயலன்று. நிறத்தையும் மணத்தையும் மாற்றும் நொதியங்களை வெப்பம் அடக்குகின்றது; உப்பு நீரை வெளியே இழுக்கின்றது. புதிய காயிற் பத்தில் ஒன்பது பங்களவு நீரே. அது நீங்கியபின் பூஞ்சணம் வளர வழியில்லை. மோர்மிளகாயின் முறை இன்னும் நுட்பமானது: கீறிய மிளகாய் பகலில் வெயிலிற் காயும், இரவில் மீண்டும் உப்புமோரில் ஊறும், மோர் முழுதும் மிளகாயினுட் சுவறும்வரை இது தொடரும். உப்பு, புளிப்பு, உலர்ச்சி என்னும் மூன்று காவல்கள் ஒரு காய்க்கு. வேப்பம்பூவும் உழுந்துடன் சேர்ந்து வடகமாயிற்று. பனங்கிழங்கு பச்சையாகக் கிழித்துலர்ந்து ஒடியலாயிற்று, அவித்துலர்ந்து புழுக்கொடியலாயிற்று.

எல்லாவற்றையும் உலர்த்தினரென எண்ணுதல் தவறு. வெங்காயம் தாளோடு பிடியாகக் கட்டப்பட்டுக் கூரை வளையிற் தொங்கியது. நீற்றுப்பூசணிக்கோ அதன் தோலின் வெண்ணீறே போதுமான காப்பு. பரணில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வல்லாரையும் பசளியும் பறித்த அன்றே சம்பலாகவும் கறியாகவும் உண்ணப்பட்டன. உலர்த்தலில் உயிர்ச்சத்து 'சி'யின் பெரும்பகுதி அழிந்துவிடும். மாரியில் வற்றற் குழம்புக்கு அருகே பச்சை இலைச் சம்பல் வைத்தவர்கள் இதனை அறிந்து செய்தார்களோ இல்லையோ, அந்த உணவு இக்குறையை ஈடுசெய்தது.

இம்மரபு முழுவதும் தொன்மையானதென்பார் மிளகாயின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அது அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகக் கீழைத்தேயம் புகுந்த பயிர். அவர்கள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1619இல். ஆகவே மோர்மிளகாய் மிகப் பழமையானதாகத் தோன்றினும், பழைய முறையொன்று புதிய காயைத் தனதாக்கிக்கொண்டதன் விளைவேயாம். கோவா, போஞ்சி என்னும் சொற்கள் முறையே போர்த்துக்கேய, ஒல்லாந்த மூலமுடையன. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை நிறைவுற்றபின் மலைநாட்டு மரக்கறி குடாநாட்டை எட்டுவது எளிதாயிற்று. அவற்றுக்குக் கத்தரிக்கும் பாகலுக்கும் நிகரான வற்றல் மரபு இங்கு வேரூன்றவில்லை. விலைக்கு வாங்கியதை அன்றன்றே சமைப்பதே வழக்கமாயிற்று.

1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் குடாநாட்டு விவசாயிக்கு நல்ல வருவாய் தந்தன. 1977இன் திறந்த பொருளாதாரம் அந்நிலையை மாற்றியது. பொருளியல் வரலாறு இதனை நன்கு பதிவுசெய்துள்ளது. 1990இல் நிகழ்ந்ததோ அடுக்களையின் வரலாறு. மின்சாரம் நின்றது, புகையிரதம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாயிற்று. மறக்கப்பட்டதென எண்ணிய பாயும் சுளகும் முற்றத்திற்குத் திரும்பின. ஆயின் 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிற் பெயர்ந்தபோது, பரணும் முற்றமும் அடுப்புச் சாம்பலிற் காத்த விதையும் தூக்கிச் செல்லக்கூடியனவாக இருக்கவில்லை. இடப்பெயர்வின் இழப்புக் கணக்குகளில் வீடும் நிலமும் எழுதப்படுகின்றன; இவை எழுதப்படுவது அரிது.

2009இன் பின் பாதை திறந்தது. 2014இற் புகையிரதமும் யாழ்ப்பாணம் மீண்டது. இன்று வற்றல் கடைகளிற் பொதிகளாகக் கிடைக்கின்றது, புலம்பெயர்ந்தோர்க்கும் செல்கின்றது. பொதியில் நிறையும் விலையும் உண்டு, முறை இல்லை. அதனை வினவி எழுதிக்கொள்ளத்தக்க மூதாட்டியர் இன்றும் கிராமங்களில் உளர். வினவச் செல்லும் மாணவர் அவர்தம் அளவைகளை அவ்வாறே பதிவுசெய்தல் வேண்டும். உப்பு அங்கே கைப்பிடியால் அளக்கப்படும். காலம் மணியாலன்றி வெயிலால் எண்ணப்படும்: கத்தரிக்கு இத்தனை வெயில், பாகலுக்கு இத்தனை வெயில். பதத்தை அறியச் சுளகில் இட்டுக் குலுக்குவர். நன்கு காய்ந்த வற்றல் சலசலக்கும்.