பற்றரியின் மீது பழி

கோமாரியிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியில், இரவு வேளையில், பழைய மோட்டார் சைக்கிளின் விளக்கு மங்கினால் நாம் முதலிற் பழிப்பது பற்றரியையே. புதியது வாங்குகிறோம்; சில நாட்களில் அதுவும் சோர்ந்துவிடுகிறது. குற்றம் எங்கே உள்ளது? வரலாறு வழிகாட்டும்.

காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று சார்ந்து அசையுமாயின் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1831 இல் மைக்கேல் பரடே கண்டார். அவ்வுண்மையினின்றே டைனமோ தோன்றியது. சுழலும் சுருளிலிருந்து மின்னை வாங்கித் தந்தவை காபன் தூரிகைகள். அவை தேய்ந்தால் மின்னேற்றம் நின்றுவிடும். 1953 இல் ட்ரயம்ப் நிறுவனம் தன் ஸ்பீட் ட்வின் வண்டியில் லூக்காஸ் ஆடலோட்டப் பிறப்பாக்கியைப் பொருத்தியது. அதிலே காந்தம் சுழலும், சுருள் அசையாது நிற்கும், தூரிகைக்கு வேலையில்லை. ஆயினும் பற்றரி ஏற்பது நேரோட்டத்தையே. ஆதலால் சீராக்கி வேண்டியதாயிற்று. பழைய பழுது நீங்க, புதிய பழுதுக்கு இடம் பிறந்தது.

சோதனையும் அவ்வாறே அமைதல் வேண்டும். முதலில் கடற்காற்றின் உப்பு அரித்த இணைப்புகளைத் துலக்குக. பின்னர் இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓடவிட்டு வோல்ற்றுமானியை வைத்துப் பார்க்க. 6 வோல்ற்றுப் பற்றரியில் ஏறத்தாழ 7, 12 வோல்ற்றுப் பற்றரியில் ஏறத்தாழ 14 காட்டினால் மின்னேற்றம் நன்று. அளவு உயராவிடின், டைனமோ வண்டியில் தூரிகையையும், பிந்திய வண்டியில் சுருளையும் சீராக்கியையும் நோக்குக.

பற்றரி மின்னைச் சேமிப்பது, தானே ஆக்குவதன்று. ஊற்று அடைபட்ட கிணற்றிலே குடத்தை மாற்றி என்ன பயன்?