முதல் கடிதத்தை யார் எழுதுவது?

1965-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹோவர்ட் கார்ஃபிங்கல் புதிதாக ஒரு தொழில் தொடங்கினார். பள்ளிக்கூடங்களில் கூடைப்பந்து ஆடும் பையன்களைத் தேடிப் போய்ப் பார்ப்பார். யார் எவ்வளவு உயரம், யாருக்கு எது வரும், எது வராது என்று எழுதி, தட்டச்சு செய்து, சந்தா கட்டிய கல்லூரிக் கோச்சுகளுக்குத் தபாலில் அனுப்புவார். அந்த அறிக்கையில் பெயர் வந்த பையனுக்குக் கல்லூரி வாசல் திறக்கும். வராதவன், எவ்வளவு நன்றாக ஆடினாலும், ஊரோடு சரி.

மறுவருடம் அவரே கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ‘ஃபைவ் ஸ்டார்’ என்ற கோடை முகாமை ஆரம்பித்தார். வட கரோலைனாவின் வில்மிங்டன் நகரத்தில் லேனி பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் ஜோர்டனை, 1980 கோடைக்கு முன்னால் மாநிலத்துக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் கோச் டீன் ஸ்மித்துக்கு உதவிக் கோச்சாக இருந்த ராய் வில்லியம்ஸ் சிபாரிசு செய்ய, ஜோர்டன் பிட்ஸ்பர்கில் நடந்த அந்த முகாமுக்குப் போனார். முகாம் முடிந்தபோது நாடு முழுக்க இருந்த கோச்சுகள் அவர் பெயரைக் குறித்து வைத்திருந்தார்கள்.

நான் இருப்பது அதே மாநிலத்தில், ராலேயை ஒட்டிய கேரியில். டியூக், சேப்பல் ஹில், என்.சி. ஸ்டேட் என்று மூன்று பெரிய அணிகளும் வீட்டிலிருந்து காரில் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். மகன் பத்தாம் வகுப்பு, பள்ளி அணியில் பாயிண்ட் கார்டு. அவனுடைய இன்ஸ்டாகிராம், எக்ஸ் கணக்குகளை அவனோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் நான் கல்லூரியில் சேர்ந்தபோது விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு ஃபைல் நிறையச் சான்றிதழும், கிரவுண்டில் ஒரு நாள் செலக்‌ஷனும்தான். இங்கே நடப்பது வேறு உலகமாக இருந்ததால், இந்த ஆள்சேர்ப்பு எங்கிருந்து எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனதை அறுத்தது. அந்தக் காலத்தில் முதல் கடிதத்தைக் கல்லூரி எழுதியது. இப்போது அதைப் பிள்ளை எழுதுகிறான்.

கல்லூரி எழுதிய காலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? நியூயார்க்கில் பவர் மெமோரியல் பள்ளியில் லூ அல்சின்டர் என்ற பையன் இருந்தான். பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆனவர். 1965-இல் அவனை லாஸ் ஏஞ்சலஸின் யூ.சி.எல்.ஏ. விரும்பியது. அங்கே படித்துப் பெயர் வாங்கிய இரண்டு பேர் அவனுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒருவர் பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன். மற்றவர் சமாதான நோபல் வாங்கிய ரால்ஃப் பன்ச். ஒரு கறுப்பினப் பையனின் வீட்டுத் தபால்பெட்டியில் அந்த இரண்டு கையெழுத்தும் வந்து விழுந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்! அவன் யூ.சி.எல்.ஏ.வுக்கே போனான்.

1974-இல் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்கில் மோசஸ் மலோன் பள்ளி இறுதியாண்டு. 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அவனைக் கேட்டன. தாயும் மகனும் மட்டும் இருந்த ஏழை வீடு அது. கோச்சுகள் அந்த ஊர் மோட்டல்களில் அறை எடுத்துத் தங்கி, படி தேய நடந்தார்கள். ஓரல் ராபர்ட்ஸ் என்ற பிரசங்கி, தன் பல்கலைக்கழகத்துக்குப் பையன் வந்தால் அவன் அம்மாவின் வயிற்றுப்புண்ணை ஜெபத்தால் குணமாக்குவதாகச் சொன்னார் என்ற கதையை இன்றைக்கும் சொல்வார்கள். மலோன் மேரிலாண்டுக்குக் கையெழுத்துப் போட்டு, கடைசியில் எந்தக் கல்லூரிக்கும் போகாமல் யூட்டாவின் தொழில்முறை அணிக்குப் போய்விட்டான். அந்தத் தாய் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் ஒன்று: வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், முகத்தைக் காட்டினார்கள், பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

இந்தத் தொல்லைக்கு வேலி போடத்தான் கல்லூரி விளையாட்டின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதி மேல் விதியாக எழுதியது. எந்த மாதத்தில் நேரில் பார்க்கலாம், எத்தனை முறை போன் செய்யலாம் என்பதற்கெல்லாம் கணக்கு வந்தது. அந்தப் போன் கணக்கில் மாட்டியவர்களில் பெரிய பெயர் கெல்வின் சாம்ப்சன். ஓக்லஹோமாவில் அவரும் அவர் உதவியாளர்களும் 2000 முதல் 2004 வரை விதியை மீறி 577 அழைப்புகள் செய்ததாக என்.சி.ஏ.ஏ. கண்டுபிடித்துத் தண்டித்தது. அவர் இண்டியானாவுக்கு மாறினார். அங்கேயும் போனால் சிக்கல். 2008 பிப்ரவரியில் பதவி விலகினார், ஐந்தாண்டுக்குக் கல்லூரிப் பக்கமே வர முடியாதபடி தண்டனை விழுந்தது. 2012 ஜூன் 15 முதல், பத்தாம் வகுப்பு முடித்த பையன்களை ஆண்கள் கூடைப்பந்துக் கோச்சுகள் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று அதே அமைப்பு விதியைத் தளர்த்தியது. அவர் தண்டனைக் காலம் முடியக்கூட இல்லை. இண்டியானாவில் அவர் தெரிந்தே மீறினார், அது தப்புதான். ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட விதி இவ்வளவு சீக்கிரம் செல்லாக்காசாகலாம் என்றால், விதி எழுதுகிறவர்கள் இன்னும் யோசித்து எழுத வேண்டும். 2014-இல் ஹூஸ்டனுக்கு வந்த சாம்ப்சன், 2025-இல் தேசிய இறுதியாட்டம் வரை போய் ஃபுளோரிடாவிடம் 65-63 என்று தோற்றார்.

போனுக்கும் சமூக ஊடகத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அத்தியாயம் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2007 ஆகஸ்ட் 1 முதல் கோச்சுகள் பிள்ளைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை என்.சி.ஏ.ஏ. அடியோடு தடை செய்தது. தடை வேண்டும் என்று முன்னால் நின்று கேட்டவர்கள் கல்லூரியில் அப்போது ஆடிக்கொண்டிருந்த மாணவர்களின் பிரதிநிதிகள்! வகுப்பு நேரம், படுக்கும் நேரம் என்றில்லாமல் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். அந்நாளில் ஒவ்வொரு செய்திக்கும் காசு உண்டு, வாங்குகிறவன் தலையிலும் பில் விழும். இ-மெயிலுக்கும் ஃபேக்ஸுக்கும் மட்டும் அனுமதி தொடர்ந்தது. அதே கோடையில்தான் முதல் ஐபோன் கடைக்கு வந்தது. மெயிலும் செய்தியும் ஒரே கண்ணாடித் திரையில் வந்து விழ ஆரம்பித்த பிறகு அந்தத் தடைக்கு அர்த்தம் குறைந்துகொண்டே போனது. 2012-இல் அழைப்போடு சேர்த்துக் குறுஞ்செய்தியையும் திறந்துவிட்டார்கள். ஐந்து வருடம்தான் அந்த அமைதி நீடித்தது.

2009-இல் நாங்கள் ராலேயில் புதிதாகக் குடிவந்திருந்தோம். ஊர் முழுக்க ஜான் வால் பேச்சு. உள்ளூர்ப் பள்ளிப் பையன், நாட்டிலேயே முதலிடத்தில் வைத்துப் பேசப்பட்டவன். அவன் பந்தோடு சீறிப் போகும் ஒரு யூடியூப் தொகுப்பை அலுவலக நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என்.சி. ஸ்டேட்டில் முதலாண்டு படித்த மாணவர் ஒருவர், எங்கள் கல்லூரிக்கு வா என்று அவனைக் கெஞ்சி ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார். 700 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். உடனே கல்லூரி நிர்வாகத்திடமிருந்து அந்த மாணவருக்குக் கடிதம் வந்தது: நிறுத்து, இல்லாவிட்டால் நடவடிக்கை. கல்லூரியின் ஆதரவாளர் யாரும் ஆள்சேர்ப்பில் தலையிடக் கூடாது என்பது விதி, ஃபேஸ்புக்கில் எழுதும் ரசிகனும் ஆதரவாளரே என்பது அவர்கள் வாதம். மாணவர் குழுவின் தலைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. பேச்சுரிமைக்காரர்கள் கண்டித்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ராபின்சனும் பன்ச்சும் செய்ததைத்தான் அந்த மாணவர் தன் அளவில் செய்தார். வால் கென்டக்கிக்குப் போய் ஒரு வருடம் ஆடி, 2010-இல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டான். கென்டக்கி கோச் ஜான் கேலிபாரி அதற்குள் ட்விட்டரில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்திருந்தார். அவருக்கு எந்தக் கடிதமும் போகவில்லை.

பிறகு வந்தது 2016 ஆகஸ்ட் 1. அதுவரை கோச் ஒரு பையனைப் பின்தொடரலாம், அந்தரங்கமாக எழுதலாம், பொதுவில் எதுவும் காட்டக் கூடாது. அன்று முதல் பையன் போட்ட பதிவுக்கு லைக் போடலாம், மறுபகிர்வு செய்யலாம், கருத்து மட்டும் எழுதக் கூடாது என்றார்கள். சொடுக்கலாம், தட்டச்சக் கூடாது. பிள்ளைகளின் அன்றாடத்தை மாற்றியது இந்த விதிதான் என்பேன். 2012-இன் தளர்வு பத்தாம் வகுப்பு முடித்த பிறகுதான் செல்லும். அதற்கு முன்னால் கோச் செய்தி அனுப்ப முடியாது. ஆகவே யார் பின்தொடர்கிறார், யார் இதயக்குறி போட்டார் என்பதே பதினைந்து வயதுப் பையனுக்கு ஜாதகமாகிவிட்டது.

என் மகனின் பக்கத்தைத் திறந்தால் பெயருக்குக் கீழே உயரம், எடை, பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், மதிப்பெண் சராசரி, பள்ளிக் கோச்சின் தொலைபேசி எண். எல்லாருக்கும் இதே வரிசைதான். மேலே நிலையாக ஒட்டி வைத்த இரண்டு நிமிட வீடியோ. ஒவ்வொரு துண்டும் தொடங்கும்போது ஒரு கணம் உறைந்து நின்று, அவன் தலைக்கு மேல் சிவப்பு வட்டம் விழும், இவனைப் பார் என்று. பந்து வளையத்துக்குள் போகும் துண்டுகளை முன்னால் வைக்க வேண்டும், கோச் பொறுமையாகக் கடைசி வரை பார்க்கமாட்டார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் பிள்ளையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று அரை வினாடி முன்னால் தெரிந்து அங்கே போய் நிற்பான். புள்ளி விழும் பாஸுக்கு முந்தைய பாஸைக் கொடுப்பான். இதை வெட்டி எடுத்தால் யாரோ சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும். முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணில்தான் அது படும்.

ஆஃபர் வந்த பிள்ளைகள் போடும் பதிவுக்கும் அச்சு ஒன்றுதான். இன்ன கோச்சுடன் நல்ல உரையாடலுக்குப் பிறகு, ஆண்டவன் அருளால், இன்ன பல்கலைக்கழகத்திலிருந்து ஆஃபர் கிடைத்திருக்கிறது. கீழே கல்லூரியின் வண்ணத்தில் ஒரு படம். அதைச் செய்து கொடுக்கப் பெரிய கல்லூரிகளில் டிசைனர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கோவிட் காலத்தில், 2020 மார்ச் நடுவிலிருந்து 2021 மே முடிய, கோச்சுகள் எந்தப் பிள்ளையையும் நேரில் பார்க்கக் கூடாது என்று தடை இருந்தது. அப்போது பிள்ளைகளைக் காப்பாற்றியது திரைதான். தென் கரோலைனாவின் ஸ்பார்டன்பர்கில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஆடிய சயான் வில்லியம்சனை, அவர் டியூக்குக்கு வருமுன்பே இன்ஸ்டாகிராமில் உலகம் பார்த்துவிட்டது. பாடகர் டிரேக் அந்தப் பள்ளி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு படம் வெளியிட்டார். கார்ஃபிங்கல் எட்டிப் பார்க்காத ஊரிலிருந்தும் இன்று ஒருவன் தெரியலாம்.

2021 ஜூலை 1-இல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி வந்தது. அன்றே ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் ஆடிய இரட்டைச் சகோதரிகள் ஹேலி, ஹானா கேவிண்டர் ஒரு செல்போன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். டிக்டாக்கில் அவர்களைப் பின்தொடர்ந்த கூட்டம்தான் அதற்கு மூலதனம். அடுத்த ஆண்டு அவர்கள் மயாமிக்கு மாறும் பேச்சு நடந்தபோது, அந்தக் கல்லூரியின் பணக்கார ஆதரவாளர் ஒருவர் தன் வீட்டு விருந்தில் அவர்களோடு எடுத்த படத்தை ட்விட்டரில் போட்டார். விசாரணை வந்தது. அந்தச் சந்திப்புக்கு வழிசெய்ததற்காகப் பெண்கள் அணிக் கோச் கேட்டி மையர் மூன்று ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். பழைய காலத்தில் அந்த விருந்து நடந்தது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

பிள்ளைகளின் பழைய பதிவுகளும் காத்துக்கொண்டிருக்கின்றன. 2018 ஏப்ரலில் வில்லனோவாவின் டான்டே டிவின்சென்ஸோ இறுதியாட்டத்தில் 31 புள்ளி எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்த இரவிலேயே அவர் பள்ளிப் பருவத்தில் எழுதியவற்றை யாரோ தோண்டி எடுத்தார்கள், கணக்கையே மூட வேண்டிவந்தது.

என் மகன் கோச்சுகளுக்கு எழுதும் கடிதங்களை அவனே எழுதுகிறான். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பேன். ஆட்டத்தின் தேதி, நேரம், ஜிம் முகவரி, தன் ஜெர்சி எண், உங்கள் அணி ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரி. அனுப்பியதும் பார்த்தாயிற்று என்ற குறி வருகிறது. பதில் வராது, வரவும் கூடாது, விதி அப்படி. மௌனம் விதியினாலா, இவன் வேண்டாம் என்பதினாலா என்று பிரித்தறிய அவனுக்கு வழியில்லை. ஜோர்டன் காலத்தில் கடிதம் வராத பையனுக்குத் தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பாவது மிஞ்சியது. இவனுக்குத் தெரிகிறது, பார்த்தார்கள், கடந்து போனார்கள்.

2007-இல் மாணவர்கள் கேட்டதை என்.சி.ஏ.ஏ. காது கொடுத்துக் கேட்டது. இன்னொரு முறை கேட்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் கோச் எதுவும் அனுப்பக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். கூடவே இன்னொன்று: பத்தாம் வகுப்பு முடியுமுன் பிள்ளை தானாக எழுதினால், ‘பார்த்தோம், எங்களுக்கு இந்த ஆண்டு கார்டு தேவையில்லை’ என்று ஒரே ஒரு வரி பதில் எழுத அனுமதிக்க வேண்டும். இதயக்குறி போட அனுமதி கொடுத்தவர்களால் இதற்கும் கொடுக்க முடியும்.